பார்சல்காரனும் பேயும்

இந்த ஊரில் போன் அடிக்காமல் வந்து கதவைத் தட்டுவது இரண்டே பேர் என்று எங்கள் மேல்வீட்டு அம்மா சொல்வார். ஒன்று பார்சல்காரன், மற்றது பேய். பார்சல்காரன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, நாங்கள் எழும்பிப் போய்த் திறப்பதற்குள் இறங்கிப் போய்விடுகிறான். மிஞ்சுவது பேய் மட்டும்தான்.

"அதுவும் வருசத்திலை ஒருக்கா, ஹாலோவீனுக்கு," என்பார். "அதையும் விட்டால் எங்கடை கதவுகளுக்கு என்ன வேலை, சேவயர் அண்ணை?"

நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் சேவயராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போனபின் விம்பிள்டனுக்குப் பக்கத்தில், கோலியர்ஸ் வுட்டில் மகனோடு இருக்கிறேன். செங்கல் கட்டடம், தளத்துக்கு மூன்றாக ஒன்பது வீடுகள். எங்களுடையது நாலாம் இலக்கம். அவர் ஏழாம் இலக்கத்தில், என் தலைக்கு நேர் மேலே, தனியாக இருந்தார். அறுபது வயதிருக்கும். கட்டையான உருவம். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் கீழே நான் ஒருவன், மேலே அவர் ஒருத்தி. இடையில் ஒரு கொங்கிறீட் தட்டு. அவர் நாற்காலியை இழுப்பது எனக்குக் கேட்கும். என் இருமல் அவருக்குக் கேட்கும்.

எங்கள் கதவில் மணி உண்டு. அவர் ஒருநாளும் அதை அழுத்தியதில்லை. மோதிர விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டுவார். முதல் தடவை வந்தபோது கையில் ஒரு பழைய மடிக்கணினி.

"உங்கடை வீட்டிலை பிரிண்டர் இருக்காம். உங்கடை மகன் சொன்னவர்."

"இருக்கு. ஆனால் மை குறைவு," என்றேன். நான் பார்த்திருக்கவில்லை. எதற்கும் அப்படிச் சொல்லிவைப்பது என் வழக்கம்.

"குறைவான மையிலை கறுப்பு மங்கலாத்தானே வரும்? பேய்க்கு அது நல்லது," என்று உள்ளே வந்துவிட்டார்.

இணையத்தில் வாழ்த்து அட்டை செய்கிற ஒரு தளத்தை அவர் பிடித்து வைத்திருந்தார். படத்தைத் தெரிந்தெடுத்து, பெயரை எழுதி, நிறத்தை மாற்றி, இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் இலவசம். எல்லாம் என்றால் எல்லாமும் இல்லை. மூலையில் சின்னக் கிரீடம் போட்ட படங்கள் காசுக்கு. கிரீடம் இல்லாதவை சும்மா. நல்ல பூசணிக்காய்க்கு எல்லாம் கிரீடம் இருந்தது.

"முடி வைச்சவையோடை எங்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?" என்று அவற்றைத் தள்ளிக்கொண்டே போவார். கடைசியில் ஒரு ஒற்றைக்கண் வௌவாலோ, வயிற்றுவலிக்காரனைப் போல முழிக்கும் பூசணிக்காயோ அகப்படும். "இஞ்சை பாருங்கோ, ஏழை வௌவால். உது எங்கடை ஆள்."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அட்டை. ஒன்றைச் செய்து ஒன்பது பிரதி எடுப்பது அவருக்குப் பிடிக்காது. ஒன்றாம் இலக்கத்தில் இருந்த போலந்துக் குடும்பத்தின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. "ரெண்டு பிள்ளைக்கு ஒரு கார்டு குடுத்தால் அது கார்டு இல்லை, சண்டை." இரண்டாம் இலக்கத்து ஆங்கிலக் கிழவருக்கு அனுப்பிய அட்டையில் அவருடைய பூனையின் பெயர்தான் பெரிதாக இருந்தது. ஒன்பதாம் இலக்கத்தில் இருந்த தாதியை நாங்கள் இருவரும் கண்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு எப்போதும் இரவு வேலை. பெயரைக் கீழ்வாசலில் கிடந்த பெட்டியில் பார்த்து எழுதிவந்தார். பார்சல்காரனும் ஏதோ ஒரு உதவி செய்கிறான் என்றார்.

"முகமே தெரியாத ஆளுக்கு எதற்குக் கார்டு?" என்று கேட்டேன்.

"தெரியாத ஆளுக்குத்தான் கார்டு. தெரிஞ்ச ஆளோடை கதைக்க வாய் இருக்கே!"

எல்லா அட்டையிலும் கடைசி வரி ஒன்றேதான்: ஏழாம் இலக்கத்துக்கு வாருங்கள், காத்திருக்கிறோம். பிறருக்கு ஆங்கிலத்தில், எங்களுக்குத் தமிழில். தனியாக இருக்கிற நீங்கள் ஏன் 'காத்திருக்கிறோம்' என்று பன்மையில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "நானும் கதவும்," என்றார்.

அந்த அட்டைகளுக்குத் தேவை இருந்தது. ஹாலோவீன் இரவில் எதிரே உள்ள வரிசை வீடுகளில் பிள்ளைகள் பேய் வேசம் போட்டு, இனிப்புக் கேட்டு வாசலுக்கு வாசல் போவார்கள். விளக்கு வைத்த பூசணிக்காய் இருக்கும் வாசலில் தட்டுவார்கள், இல்லாததைக் கடந்துபோவார்கள். எங்கள் கட்டடத்திலோ கீழ்க்கதவு எப்போதும் பூட்டு. அவர் தன் வாசலில் பூசணிக்காய் வைத்தாலும் அதைப் பார்க்க இரண்டு மாடி ஏற வேண்டும். ஆகவே தெருப்பிள்ளைகள் வர வழியில்லை. கட்டடத்துக்குள் இருப்பவர்கள் வந்தால்தான் உண்டு.

அட்டை அனுப்பிய முதல் வருடம் இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஒன்று எலும்புக்கூடு, மற்றது சூனியக்காரி. கதவைத் திறந்ததும் அவர் வீரிட்டுக் கத்திக்கொண்டு பின்னால் போய் சோபாவில் விழுந்த சத்தம் என் கூரையை உலுக்கியது. கூரையில் வெடிப்பு ஏதும் விழுந்ததா என்று நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிள்ளைகள் கீழே போய், திரும்ப மேலே வந்து, திரும்பத் தட்டினார்கள். அவர் திரும்ப விழுந்தார். நான் எண்ணிய மட்டும் நாலு தடவை. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உந்த வயசிலை ஏன் இந்த வேலை?"

"அதுகள் பயப்படுத்த வந்ததுகள், அண்ணை. நான் பயப்படாட்டி வெறுங்கையோடை போன மாதிரி இருக்கும்."

அவருடைய பயத்தின் மறுபக்கத்தை நான் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு மழைநாள், பட்டப்பகல். என் மேசையில் இருந்து வௌவாலுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தார். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சார மீற்றர் பார்க்க வந்த ஆள் கதவை உள்ளங்கையால் பலமாகத் தட்டினான். நான் எழும்பும் முன்பே அவருடைய கை போய் விளக்கை அணைத்துவிட்டது. அணைத்தது மட்டுமில்லை, மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தார். நான் போய்க் கதவைத் திறந்து, அவன் மீற்றரைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"பாருங்கோ, உந்தக் கைக்கு இன்னும் புத்தி வரேல்லை," என்று சிரித்தார்.

அவராகச் சொன்னார்.

"கதவு தட்டினால் லைற்றை நூர்த்துப்போட்டு இருந்த சனம்தானே நாங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவையும் தட்டித்தான் கூப்பிட்டவை. ஒரு அலுவல் கதைக்க வேணும், அஞ்சு நிமிசத்திலை விடுறம் எண்டவை." பிறகு வௌவாலின் ஒற்றைக்கண்ணை மஞ்சளாக்கினார். "இஞ்சை முட்டாய்க்குத் தட்டுதுகள். பயப்படுங்கோ எண்டு கேட்டுத் தட்டுதுகள். எனக்கு அது காணும், அண்ணை. நாலு பிள்ளையள் வந்து நல்ல தட்டாத் தட்டினால் மற்றத் தட்டு காதிலையிருந்து போயிடும் எண்டு நினைக்கிறன்."

அடுத்த வருடம் ஐப்பசியில் அட்டை வேலை தொடங்கியபோது நான் வழக்கம்போலக் குறை சொன்னேன். எழுத்துகள் ஆடுகின்றன. பூசணிக்காய் சரிந்து நிற்கிறது. வேலிக் கம்புகள் ஒன்றுகூட நிமிர்ந்து இல்லை. பதினேழு அட்டைகள் பார்த்தாயிற்று, ஒரு செங்கோணம் இல்லை. படம் வரைகிறவனுக்கு ஒரு அடிமட்டம் வாங்கிக்கொடுக்க ஆளில்லையா?

"பேய் வீடு நேரா இருந்தால் ஆர் பயப்படுவினம்? எண்ணினது காணும், தேத்தண்ணி ஊத்துங்கோ."

"என் வாசலுக்கு ஒரு நேரான அட்டை வரும் என்றால் நானே மேலே வந்து தட்டுவேன்," என்றேன். பேச்சுக்குச் சொன்னது.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது," என்றார்.

அதற்குப் பிறகு சில நாளில், குளியலறையில் எனக்கு நெஞ்சு பிடித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இரத்தக் குழாயில் சிறு கம்பிக்கூடு ஒன்றை வைத்தார்கள். கட்டிலில் கிடந்து மேலே உள்ள ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஹாலோவீன் அன்று மத்தியானம் மகன் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தான். கையில் ஆஸ்பத்திரிப் பட்டியும் கழற்றாமல் இருந்தது.

மேலே சத்தமே இல்லை. என் இருமல் கேட்டால் இறங்கி வருகிறவர். இருமிப் பார்த்தேன். வரவில்லை. மருமகளிடம் கேட்டேன். அவள் சூப்புக் கோப்பையை வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அப்பா. நீங்கள் ரெஸ்ற் எடுங்கோ."

மருமகள்தான் சொன்னாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் விடிய வாசலில் ஒரு அட்டை கிடந்திருக்கிறது. என்னிடம் அச்சடித்தால் தெரிந்துவிடும் என்று, எனக்கான அட்டையை மட்டும் அவர் நூலகத்தில் அச்சடித்து, முதல்நாளே எங்கள் கதவின் கீழால் தள்ளிவிட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. விடியக் கண்டிருக்கிறார்கள்.

"அதை எடுத்துக்கொண்டு வா."

"வேண்டாம் மாமா."

"கொண்டு வா பிள்ளை."

மைக்ரோவேவுக்கு மேலே, பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு அடியில், முகம் கீழாக இருந்தது. மகன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே வைத்திருந்தான். அப்பாவின் படத்தைக் கிழிக்க முடியாது. குப்பையில் போட முடியாது. எரிப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது.

நான் திருப்பிப் பார்த்தேன். ஒரு கல்லறைக் கல். நடுவில் நீள்வட்டச் சட்டத்துக்குள் நான். விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் அவர் தன் போனில் எடுத்த படம், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கீழே என் முழுப்பெயர். இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவர்த்தி. அதற்கும் கீழே தமிழில்: ஏழாம் இலக்கத்துக்கு வாருங்கள், காத்திருக்கிறோம்.

டூட்டிங் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை ஒருவன் பார்த்து எழுதினாலும் இவ்வளவு சரியாக வராது.

"நீங்கள் அங்கை வயரோடை கிடக்கிறியள்," என்றான் மகன். "உடுப்பு எடுக்க வீட்டை வாறன், வாசலிலை இது. நான் என்ன செய்ய அப்பா?"

"அவவுக்கு என்ன சொன்னனீ?"

"இனி எங்கடை வாசல் பக்கம் வரவேண்டாம் எண்டு சொன்னனான். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னனான்."

"அவ என்ன சொன்னவ?"

"சொறி, மன்னியுங்கோ எண்டவ. கதவைச் சாத்திப்போட்டா."

நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கல்லின் இரண்டு விளிம்பும் செங்குத்து. மேல்வளைவு சமம். மெழுகுவர்த்திகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரம். என் பெயர் ஒரு பக்கமும் சரியாமல் நடுவில் நின்றது. கிரீடமில்லாத அத்தனை படங்களையும் தள்ளித் தள்ளி, நேரான ஒன்றை அவர் எனக்காகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அது மரண அறிவித்தல் மாதிரி இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

மகனுக்கு இதை விளக்க முயன்றேன். "எல்லாம் நேரா இருக்குது பார்," என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

பின்னேரம் அவன் மருமகளை வேலைக்கு இறக்கிவிட்டு, என் மருந்துகளையும் எடுத்துவரப் போனான். எழும்ப வேண்டாம், கதவு திறக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான். வெளியே இருட்டிவிட்டது. தெருவில் பிள்ளைகளின் சத்தம் தொடங்கியது. அப்போது மேலே நாற்காலி நகர்ந்தது. காலடிகள் ஜன்னல் வரைக்கும் போயின. பிள்ளைகள் எதிர் வரிசைக்குப் போய்விட்டார்கள். காலடிகள் திரும்பி வந்தன. நாற்காலி. அடுத்த கூட்டம் வந்தது. மறுபடியும் நாற்காலி, ஜன்னல், நாற்காலி.

போலந்துப் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மருமகள் சொல்லியிருந்தாள். பூனைக் கிழவர் படி ஏறமாட்டார். ஒன்பதாம் இலக்கம் இரவு வேலைக்குப் போயிருக்கும். மற்ற வீட்டார் அட்டை கிடைத்தும் ஒருநாளும் வந்ததில்லை. நான் கணக்குப் பார்த்தேன். அந்தக் கதவைத் தட்டக்கூடியவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. என்னைத் தவிர.

அலுமாரியில் இருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்தேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று, நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினேன். உள்ளே வைத்த கம்பிக்கூடு நழுவிவிடுமோ என்று பயம். நழுவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னவர் மிகவும் இளைஞராக இருந்ததால் நான் முழுதாக நம்பவில்லை.

ஏழாம் இலக்கத்து வாசலில் ஒரு சின்னப் பூசணிக்காய் இருந்தது. வாய் மட்டும் வெட்டியிருந்தார், கண் இல்லை. கதவின் கீழால் வெளிச்சம் தெரிந்தது. வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூன்று தரம் தட்டினேன்.

வெளிச்சம் அணைந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தட்டியது பெரிய மனிதனின் தட்டு. நெஞ்சுயரத்தில், முழங்கையின் பாரத்தோடு விழுந்த தட்டு. கதவுக்கு அந்தப்பக்கம் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாய் திறந்தேன். ஆனால் அவர் தம்பியையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

சுவரைப் பிடித்துக் குனிந்தேன். டாக்டர் குனிய வேண்டாம் என்று சொல்லியிருந்தார். முடிந்த மட்டும் குனிந்து, ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டக்கூடிய இடத்தில், விரல் நுனியால் மெதுவாக, அவசரமாக, நிறையத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெளிச்சம் வந்தது. சங்கிலி கழன்றது.

கதவைத் திறந்தவர் பிள்ளையை எதிர்பார்த்துக் கீழே பார்த்தார். வேட்டிக்குள் குனிந்து நின்ற என்னைக் கண்டார்.

"ஆர்?"

"பேய்," என்றேன். "கல்லறையிலையிருந்து வாறன். கார்டு கிடைச்சது. நல்ல நேரா இருந்தது."

அவர் வீரிட்டுக் கத்தி சோபாவில் போய் விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பளித் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தொப்பிக்குள் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் திட்டமாகத் தெரியாது.

"உங்கடை மகன் பேசினது சரிதான், அண்ணை," என்றார் கடைசியில். "நான் அதை அப்பிடிப் பாக்கேல்லை. கோடு நேரா இருக்கோ எண்டுதான் பாத்தனான்."

"தெரியும்."

"நிமிருங்கோ முதல்லை. பிறகு ஆம்புலன்ஸுக்கு நான்தான் பதில் சொல்ல வேணும்."

"நிமிர ஏலாது. பிடிச்சுக்கொண்டது."

அதற்குத்தான் சிரித்தார். கையைக் கொடுத்து நிமிர்த்தினார். இனிப்புக் கிண்ணத்தை நீட்டினார். அது நிறைந்தபடியே இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. ஒன்று எடுத்தேன். "பேய் எண்டால் கைநிறைய அள்ள வேணும்," என்று என் வேட்டி மடிப்பில் கொட்டினார். எண்ணப் போனேன். "எண்ணாதேங்கோ," என்றார். எண்ணவில்லை.

மகன் வந்து என்னைக் காணாமல் படியேறி வந்து, பிறகு மூவருமாக நின்று பேசிய பேச்சு நீளமானது, அதை விடுகிறேன். கடைசியில் அவன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அவரும் அவனிடம் கேட்டார். அட்டை திரும்ப மைக்ரோவேவுக்கு மேலே போயிற்று, இம்முறை முகம் மேலாக.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கதவை ஒருநாளும் மேலே தட்டவில்லை. பொங்கல் அட்டை அச்சடிக்க வந்தாலும், மோர்மிளகாய் கொண்டுவந்தாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தாழத் தட்டுவார். மோதிரம் படும் அந்த இடத்தில் பெயின்ற் மெல்ல உரிந்து ஒரு சிறு பள்ளம் விழுந்தது.

அடுத்த சித்திரையில் வீட்டுக்காரர் ஏழாம் இலக்கத்தை விற்றார். அதில் வாடகைக்கு இருந்த அவர் முதலில் ஸ்ட்ரெதமில் ஒரு மருமகள் முறையான பெண்ணின் வீட்டுக்குப் போனார். போகும்போது விலாசம் பிறகு அனுப்புகிறேன் என்றார். ஒரு தடவை போனில் ஓணான் படம் போட்ட பிறந்தநாள் அட்டை வந்தது, மூலையில் கிரீடம் இல்லாதது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. ஸ்ட்ரெதம் இங்கிருந்து தொலைவில்லை. ஆனால் எந்தக் கதவு என்று தெரியாமல் எத்தனை கதவைத் தட்டுவது?

ஏழாம் இலக்கத்தில் இப்போது இருப்பவர்கள் வாசலில் கமராவோடு கூடிய மணி வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஏதும் வேண்டுமென்றால் செய்தி அனுப்புங்கள் என்று என் போனில் தங்கள் எண்ணைப் பதிந்து தந்தார்கள். அவர்கள் தரையில் கம்பளம் போட்டிருப்பதால் மேலே ஒரு சத்தமும் இல்லை.

போன மாதம் கட்டடத்தின் கதவுகளுக்கு வர்ணம் பூச ஒரு ருமேனியர் வந்தார். எங்கள் கதவின் முன்னால் மண்டியிட்டு, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாய் வளர்க்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றேன். "பேய்."

அவர் சிரித்துவிட்டு, பள்ளத்தை மாவால் அடைத்து, தேய்த்து, இரண்டு பூச்சுப் பூசிவிட்டுப் போனார். நல்ல வேலைக்காரர். ஒரு கோடு கோணவில்லை.

மறுநாள் பின்னேரம் மகனும் மருமகளும் வேலையில். வர்ணம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினேன். காய்ந்திருந்தது. சுவரைப் பிடித்துக் குனிந்து, என் மோதிரத்தால் அந்தப் பள்ளம் இருந்த இடத்தில் மூன்று தரம் தட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கதவின் கீழால் வெளிச்சம் தெரிந்தது. நான்தான் போட்டுவிட்டு வந்திருந்தேன்.